முட்டி எப்படி இருக்கு?

அப்பாவின் சட்டைக்குக் கழுத்துப் பட்டன் போட்டுக்கொண்டிருந்தாள். விடிகாலையில் ஆஸ்பத்திரியில் அவர் உயிர் போனபோது பக்கத்தில் இருந்தது இவள் ஒருத்திதான். இப்போது சாயங்காலம் மணி நாலரை. ஹாலில் நாற்காலி போதாமல் ஆட்கள் வாசலில் நின்றார்கள். தெருவில் அவருக்கு ‘ரேங்க் சார்’ என்று பேர். எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் முதலில் ரேங்க்கைக் கேட்பார், அப்புறம்தான் பேரை.

கைத்தடியோடு ஒரு பெரியவர் உள்ளே வந்தார். இருபத்தாறு வருஷம் ஆகியும் அடையாளம் தெரிந்தது. வாலிபால் கோச். பேர் சொன்னால் யாருக்கும் தெரியாத ஒரு சின்ன காலேஜிலிருந்து இவளைத் தேடி ஸ்கூலுக்கே வந்து, “முதல் மேட்ச்லேயே நீ இறங்குவே” என்று சொன்னவர். அதோடு சரி, அப்புறம் ஒரு போன்கூட இல்லை. “பாத்தியா, வேற ஆளைப் பிடிச்சுட்டான்” என்றார் அப்பா. அவர் சொன்னபடி, ரேங்க்கில் மூன்றாவதாக இருந்த பெரிய காலேஜில் சேர்ந்தாள். மூன்று வருஷமும் பெஞ்சுதான். மொத்தமே இரண்டு செட் ஆடினாள். மற்ற நேரமெல்லாம் ஆடுகிறவர்களுக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தாள்.

கோச் அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இவளிடம் திரும்பினார்.

“முட்டி இப்ப எப்படிம்மா இருக்கு?”

“எந்த முட்டி சார்?”

“ஆபரேஷன் பண்ணின முட்டிதான். இனிமே ஆடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டதா அப்பா போன் பண்ணாரே. பொண்ணு நொந்து போயிருக்கா, நீங்க பேசினா இன்னும் அழுவா, கூப்பிடாதீங்கன்னாரு. அதான் நான் கூப்பிடல.”

இவள் முட்டியில் கத்தி பட்டதே இல்லை.

“நல்லா இருக்கு சார்” என்றாள்.

யாருக்கும் வேண்டாதவள் என்று நினைத்தே பாதி வயசு போய்விட்டது. உலுக்கிக் கேட்கலாம் என்றால் மனுஷன் வாய்க்கட்டோடு சௌகரியமாகப் படுத்திருந்தார். அந்தப் பட்டனைப் பிய்த்து எறிய வேண்டும்போல இருந்தது.

மகள் போனோடு வந்தாள். அழுதழுது மூக்கு சிவந்திருந்தது. அவளும் வாலிபால்தான். சின்ன காலேஜ் ஒன்று முதல் வருஷமே டீமில் எடுத்துக்கொள்கிறேன் என்றது. பெரிய காலேஜில் அவள் இடத்துக்கு ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள். பெரிய காலேஜ்தான் என்று தாத்தா மூன்று வாரம் பேசிப் பேசிக் கரைத்திருந்தார். இவளோ உன் இஷ்டம் என்று ஒதுங்கிக்கொண்டாள்.

“அம்மா, அஞ்சு மணிக்குள்ள கன்ஃபர்ம் பண்ணணுமாம். தாத்தா ஆசைப்பட்டதையே போட்டுடறேன்.”

“இரு. காலைல தாத்தா உன்னைப் பத்திதான் பேசினாரு.”

காலையில் அவர் பேசியது ‘தண்ணி’ என்ற ஒரே வார்த்தை.

“என்ன சொன்னாரு?”

“ரேங்க் கிடக்கட்டும், புள்ளை ஆடுற இடத்துக்கே போகட்டும்னாரு.”

பொய் தடங்கலே இல்லாமல் வந்தது. அவர் மகள்தான், சந்தேகமில்லை. இவள் பேரைச் சொல்லி அவர் ஒன்று சொன்னார். அவர் பேரைச் சொல்லி இவள் ஒன்று சொல்லிவிட்டாள். முடிந்தால் எழுந்து வந்து இல்லை என்று சொல்லட்டும். காலையிலிருந்து முதல் தடவையாக மூச்சு சீராக வந்தது.

மகள் நின்ற இடத்திலேயே போனைத் தட்டி முடித்தாள். பிறகு ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்காக மாறிட்டியே தாத்தா! அம்மா, உனக்குக் கிடைச்ச மாதிரி அப்பா யாருக்கும்மா கிடைப்பாங்க?”

“பெரிய மனசும்மா அவருக்கு” என்று கோச் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். இவள் வாயைத் திறந்தாள். மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

வண்டி வந்துவிட்டது என்று தம்பி வாசலிலிருந்து குரல் கொடுத்தான். மகள் தாத்தாவின் கையை விடவில்லை. இவள்தான் குனிந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள்.