கேளாமல் கொடுத்த மூன்று நாள்

மெல்பேர்ணில் அலுவலகத் தளபாடம் விற்கும் ஒரு கொம்பனிக்கு, மாம்புரிக் கிராமத்தில் இருந்துகொண்டு மூன்று வருடமாக வேலை செய்கிறாள் அலீமா. அங்கே ஒன்பது மணிக்கு அலுவலகம் திறக்கும்போது இங்கே விடிகாலை சுபஹுக்குப் பாங்கு சொல்லியிருக்காது. முதலாளி கிறெக்கின் கடிதங்களைப் பார்ப்பதும் அவருடைய சந்திப்புகளுக்கு நேரம் குறிப்பதும் அவள் வேலை. அவரை நேரில் கண்டதில்லை. ஆனால் அவர் எந்த நாள் பல் வைத்தியரிடம் போக வேண்டும், மகளுக்கு எத்தனை மணிக்குப் பியானோ வகுப்பு என்பதெல்லாம் அவர் மனைவியைவிட இவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

நாங்கள் எல்லோரும் ஒரு குடும்பம் என்று அந்தக் கொம்பனி ஓயாமல் சொல்லும். ஆட்களின் நலன் பார்க்கும் கிளேர் என்ற பெண்ணுக்குக் கிழமையில் ஒரு தரமாவது அதைச் சொல்லாவிட்டால் சாப்பாடு செமிக்காது. அலுவலகத்தில் பதினான்கு பேர். அலீமாவைப் போல வேறு நாடுகளில் இருந்து வேலை செய்யும் உதவியாளர்கள் ஐந்து பேர். வெள்ளிக்கிழமைதோறும் எல்லோரும் கமராவைப் போட்டுக்கொண்டு, அந்தக் கிழமை நடந்த நல்ல விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே அது சரியாக ஜும்ஆத் தொழுகை நேரம். புருஷன் ஸியாத் பள்ளிக்குப் போக, இவள் சோற்றை அடுப்பில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்து சிரிப்பாள்.

கொம்பனியின் இணையப் பக்கத்தில் ‘எங்கள் ஆட்கள்’ என்று பதினான்கு படங்கள் இருந்தன. இந்த வருடம் உதவியாளர் ஒருவரை நிரந்தரமாக்கிப் பதினைந்தாவதாகச் சேர்க்கப்போகிறோம், அநேகமாக அது நீதான் என்று கிளேர் சொல்லியிருந்தாள். அலீமா அதற்கென்றே புது ஸ்காஃப் வாங்கி, படமும் எடுத்து வைத்துவிட்டாள். அவ்வளவு ஆசை.

ஒரு செவ்வாய்க்கிழமை கிறெக்கிடமிருந்து செய்தி வந்தது. அம்மா இறந்துவிட்டார், இன்று பதில் அனுப்பக் கொஞ்சம் தாமதமாகலாம் என்று இருந்தது. வேறொன்றும் இல்லை.

அலீமாவுக்கு மனம் பதறியது. மவுத்து நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. மையத்து வீட்டில் மூன்று நாளைக்கு அடுப்பு மூட்ட அயல் விடாது. ஒரு வீட்டிலிருந்து காலைச் சாப்பாடு வரும், இன்னொரு வீட்டிலிருந்து பகல் சோறு வரும். ஸியாத்தின் வாப்பா மவுத்தானபோது மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டது யாரென்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. ஏதாவது உதவி வேணுமா என்று வாசலில் நின்று கேட்கிறவனை ஊரில் ஒரு மனுஷனாக மதிக்கமாட்டார்கள்.

மாம்புரியிலிருந்து மெல்பேர்ணுக்குச் சோறு அனுப்ப முடியாது. அவள் கையில் இருந்தது கிறெக்கின் கலண்டர்தான். மூன்று நாளைக்கும் குறித்திருந்த பதினொரு சந்திப்புகளையும் தள்ளிவைத்தாள். கிறெக்கின் தாயார் காலமாகிவிட்டார், தயவுசெய்து மூன்று நாளைக்கு அவரை விட்டுவிடுங்கள் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினாள். ஆறு மாதம் அலைந்து பிடித்த பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சந்திப்பும் அதில் இருந்தது. மவுத்துக்கு முன்னால் கதிரை வியாபாரம் ஒரு விஷயமா என்று நினைத்தாள். கரைச்சல் கொடுக்கக் கூடாது என்று கிறெக்குக்கு மட்டும் சொல்லவில்லை.

அந்த மனுஷனோ மறுநாள் டை கட்டிக்கொண்டு போய், சந்திப்பு அறையில் இருபது நிமிடம் தனியே உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்காரர்கள் வரவில்லை, அவர்களின் அனுதாபச் செய்திதான் வந்தது. தாய் இறந்ததை அவர் கிளேருக்குக்கூடச் சொல்லியிருக்கவில்லை.

அன்றைக்கே இரண்டு பேரும் கமராவில் வந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வேலை செய்துதான் இந்த நாட்களைக் கடக்கலாம் என்று இருந்தேன், அதையும் எடுத்துவிட்டாய் என்றார் கிறெக். அவர் கண் சிவந்திருந்தது.

"நான் உன்னிடம் கேட்கவில்லையே, அலீமா."

"எங்கள் ஊரில், கேட்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டு இருக்கமாட்டோம்" என்றாள் அவள்.

கிளேர் குனிந்து எதையோ குறித்துக்கொண்டாள். பதினைந்தாவது படத்தைப் பற்றிய கதை அதோடு நின்றுபோனது.

வியாழக்கிழமை கிளேர் எழுதினாள். கிறெக் இப்போது எல்லோருக்கும் சொல்லிவிட்டாராம். இந்த வெள்ளி வழக்கமான கூட்டம் இல்லை, அவருக்கு ஆறுதல் சொல்ல ஒரு சின்னக் கூட்டம். பூ, சாப்பாடு, அழைப்பு எல்லாவற்றையும் நீயே ஒழுங்குபடுத்து, அதில் நீ கெட்டிக்காரி. இது நெருங்கியவர்களுக்கு மட்டும் என்பதால் உதவியாளர்களுக்கு அந்த நேரம் ஓய்வு.

அலீமா வெள்ளைப் பூவாகப் பார்த்துத் தெரிவுசெய்தாள். சாப்பாடு சொன்னாள். இரண்டு பேர் இறைச்சி தின்னமாட்டார்கள் என்பதையும் மறக்காமல் சொன்னாள். பதினான்கு பேருக்கு அழைப்பு அனுப்பினாள். நீ இல்லாவிட்டால் நாங்கள் என்ன செய்வோம் என்று கிளேர் பதில் போட்டாள்.

ஜும்ஆ முடிந்து வந்த ஸியாத், அவள் குசினியில் நிற்பதைக் கண்டு இன்றைக்குக் கூட்டம் இல்லையா என்று கேட்டான்.

"இருக்கு. வீட்டாக்களுக்கு மட்டுந்தானாம்."

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னாரிலிருந்து வந்தவன். அவன் கோபப்படவில்லை, கறி என்ன என்று கேட்கிற குரலில்தான் சொன்னான்.

"நாங்க இங்க வந்து முப்பத்து மூணு வருசம். கடைத்தெருவில இன்னும் அகதி எண்டுதான் பேரு. நீ மூணு வருசத்தில அங்க வீட்டாளா ஆகப் பாத்திருக்கிறாய்."

அலீமா சோற்றைப் போட்டாள். அவன் சொன்னது பொய்யாக இருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம்.