யாரும் போடாத துண்டு

சுமை தூக்கும் அந்த நால்வருக்கும் ஒரு விதி இருந்தது. சுமையைப் பார்த்ததும் எவனுக்காவது ஒத்துவராது என்று பட்டால், தோளில் கிடக்கும் துண்டைத் தரையில் போடலாம். ஏன், எதற்கு என்ற கேள்வி கிடையாது. நால்வரும் தூக்காமல் திரும்பிவிட வேண்டும். பழைய மேஸ்திரியின் கால் பீரோவுக்கடியில் நசுங்கிய பிறகு போட்ட விதி. அருமையான விதி. அன்று முதல் ஒரு துண்டும் கீழே விழுந்ததில்லை. முதலில் போடுகிறவனுக்கு என்ன பட்டப்பெயர் கிடைக்கும் என்று நால்வருக்கும் தெரியும். வைப்பதே அவர்கள்தானே.

நால்வரில் இளையவன் ஏற்கெனவே ஒருமுறை இடுப்பு பிடித்துப் படுக்கையில் கிடந்தவன். முதுகெலும்புத் தட்டு மறுபடி விலகினால் நடப்பதே சந்தேகம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலையில் அவன் மனைவி துண்டை அவன் தோளில் போட்டுவிட்டே சொன்னாள்.

“கனமா இருந்தா இதைக் கீழ போட்டுட்டு வந்துடுங்க. அங்க போய் வீராப்பு காட்டாதீங்க.”

“போட்டுடறேன்டீ. எனக்குத் தெரியாதா?”

நகைக்கடையின் இரும்புப் பெட்டியை மூன்றாவது மாடிக்கு ஏற்ற வேண்டும். சரக்கு லிஃப்ட் பழுது. அதற்குள் தலையை விட்டிருந்த மெக்கானிக், “சாப்பாட்டு நேரத்துக்குள்ள ஓடிடும், பொறுங்கப்பா” என்றார்.

கடைக்காரர் நாற்காலியை விட்டு எழவில்லை. “போன தடவை வந்த ஆளுங்க இப்படி முழிச்சுட்டு நிக்கல. காபி ஆறுறதுக்குள்ள மேல வெச்சுட்டாங்க.”

அந்த ஆட்களை இவர்களில் ஒருவனும் பார்த்ததில்லை. இருந்தாலும் நால்வருக்கும் காது சிவந்துவிட்டது.

மேஸ்திரிக்கு முந்தாநாளிலிருந்து முட்டிவலி. எவனாவது துண்டைப் போட மாட்டானா என்று பார்த்தார். நெட்டையாக இருப்பதால் ஒட்டகம் என்று பெயர் வாங்கியவன் படிக்கட்டு வளைவைக் கையால் இரண்டு தரம் அளந்து பார்த்தான். இளையவனின் மச்சான், அதாவது அவன் மனைவியின் அண்ணன், மாப்பிள்ளையின் தோளையே பார்த்தான். இளையவனின் கை துண்டின் நுனிவரை போனது.

“என்ன மாப்ள, வேர்க்குதா?” என்றான் மச்சான்.

“உனக்குத்தான் வேர்க்கும்” என்று இளையவன் முகத்தைத் துடைத்தான். துண்டு மறுபடி தோளுக்கே போனது.

கயிறு கட்டி, கழி கோத்துத் தூக்கினார்கள். பாரம் முழுக்க இறங்கும் கீழ்ப்பக்கத்தை இளையவன் கேட்டு வாங்கிக்கொண்டான். இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவன் இடுப்பில் ஏதோ அறுந்தது. கத்தக்கூட வெட்கம். பெட்டியை இறக்கி வைக்கும்வரை பல்லைக் கடித்து நின்றான். பிறகு சரிந்தான்.

தலைக்கடியில் வைக்க ஒட்டகம் அவன் துண்டை மடித்துத் தரையில் போட்டான். விதிப்படி ஒரு துண்டு கீழே விழுந்தது அன்றுதான். கீழே லிஃப்ட் மணி அடித்தது. மீதி ஒரு மாடியைப் பெட்டி லிஃப்டில் போய்ச் சேர்ந்தது.

வீட்டில் அவனைப் பலகைமேல் படுக்க வைத்தார்கள். கால் இரண்டும் மரத்துக் கிடந்தன. மனைவி தன் அண்ணனைப் பிடித்துக்கொண்டாள்.

“உனக்கு வேணாம்னு தோணலையாண்ணே?”

“தோணுச்சு. இவரு போடுவாருன்னு பாத்தேன்.”

“மேஸ்திரிக்கு?”

“அவருக்கும்தானாம். ஒட்டகத்துக்கும் அப்படித்தான். மத்தவங்க என்ன நெனப்பாங்கன்னு...”

“எந்த மத்தவங்க? நீங்க மூணு பேரும் இவரும்தானே அங்க இருந்தீங்க?”

மச்சான் தன் துண்டால் நெற்றி வேர்வையைத் துடைத்தான்.

அப்போது பக்கத்து வீட்டுக்காரர் பார்க்க வந்தார். “தம்பி, அவ்ளோ பெரிய இரும்புப் பெட்டிய ரெண்டு மாடி தோள்லயே ஏத்திட்டீங்களாமே!”

படுத்திருந்தவனின் முகம் மலர்ந்தது. மீசையைக்கூடத் தடவிக்கொண்டான்.

“மூணாவதுக்கும் ஏத்தியிருப்போம்ணே. அதுக்குள்ள அந்த லிஃப்டு வந்து கெடுத்துடுச்சு.”

மனைவி கொடியில் கிடந்த துண்டை உருவி அவன் மூஞ்சியில் எறிந்தாள். அதை எடுத்துப்போடக்கூட அவனுக்கு நேரமில்லை. துண்டுக்கடியிலிருந்து அவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான்.