வெண்ணந்தூரில் புரதம் கட்டிய நாள்

உலக சரித்திரம் குறித்துவைக்க மறந்த மகத்தான சம்பவம் ஒன்றை இதனால் சகலருக்கும் அறிவிக்கிறேன். 1937இல், வெண்ணந்தூர்ச் சந்தைக் கொட்டகையில், மனித உடம்பு எதனால் கட்டப்பட்டது என்ற ரகசியம் வெளியிடப்பட்டது. வெளியிட்டவர் பட்டணத்தில் ரசாயனம் படித்துத் திரும்பிய நாச்சிமுத்து, பி.ஏ. அந்த வருஷம் ஏரி தளும்பியது. ஊருக்குப் பொறுமையும் இருந்தது.

பிரசங்கத்தின் நோக்கம் புரதம் அல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். மணியக்காரர் காளியப்பனின் மகள் வசந்தாமணியை நாச்சிமுத்து பெண் கேட்டிருந்தார். "சீசாவுல தண்ணி காச்சற படிப்புக்கா பொண்ணு?" என்று மணியக்காரர் இழுத்துக்கொண்டிருந்தார். அவரை மயக்கத்தான் இந்த ஏற்பாடு.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கைகோத்த சங்கிலியாம்; நாச்சிமுத்து ஊர்ப் பிள்ளைகளான எங்களை அந்த அமிலங்களாக வரிசையில் நிறுத்தினார். ஆளுக்கு இடக்கை அமினோ முனை, வலக்கை அமில முனை. ஒருவர் வலக்கையை அடுத்தவர் இடக்கை பற்றினால், இருபக்கமும் கொஞ்சம் கழன்று தண்ணீராக வெளியேறும். அதன்பின் பிணைப்பு லேசில் பிரியாது, அமிலத்தில் போட்டுக் கொதிக்க வைக்க வேண்டும் என்றார். அந்தத் தண்ணீரைச் சொம்பிலிருந்து கைகளின்மேல் ஊற்றும் கௌரவம் மணியக்காரருக்கு.

வரிசைக் கடைசியில் வசந்தாமணி. பெண்பிள்ளை கையை யார் பிடிப்பது? அத்தை மகன் மாதையன் என்றால் முறைப்பையன், யாரும் தப்புச் சொல்ல மாட்டார்கள் என்று நாச்சிமுத்துவே அவனை நிறுத்தினார். தாமே நின்றிருக்கலாம், பிரசங்கி அமிலமாவது அழகல்லவாம்.

"ஊத்துங்க மாமா" என்றார்.

மணியக்காரர் ஊற்றினார். சேர்ந்த கைகள்மேல் பெண்ணைப் பெற்றவன் நீர்விட்டால் எங்கள் பக்கம் அதற்கு ஒரே அர்த்தம். மாதையனின் தாய் குஞ்சம்மாள் நிதானமாக எழுந்து குலவையிட்டாள்.

"தாரை வாத்தாச்சுங்கண்ணா. இனி அவ எங்க ஊட்டுப் புள்ள."

"அது கண்ணாலம் இல்லீங்க மாமா, ரசாயனம்" என்றார் நாச்சிமுத்து.

மணியக்காரர் காலிச் சொம்பைப் பார்த்தார். "பிரிக்கோணும்னா கொதிக்க வெக்கோணும்னு நீங்கதானுங்களே சொன்னீங்க? எம்புள்ளயக் கொதிக்க வெக்கச் சொல்றீங்களா?"

"கையையாவது உடச் சொல்லுங்க."

"உட்டா புரதம் அறுந்துருமுங்களே" என்றாள் வசந்தாமணி, தலைநிமிராமல்.

மாதையனின் மறு கை என் கையில் இருந்தது. ஈரமாக. எத்தனையோ பேர் அந்த வரிசையிலிருந்து கழன்று போய்விட்டார்கள்; ஆனால் எங்கே குலவை கேட்டாலும் இன்றும் என் வலக்கை நனைகிறது.

தை மாதம் கல்யாணம். நாச்சிமுத்துவே பந்தியில் பருப்பு பரிமாறினார், இலைக்கு இலை அதிலுள்ள புரதத்தை விளக்கியபடி.

பருப்பில் உப்பு இல்லை; அது மட்டும் ரசாயனம் படித்தவருக்குத் தெரியவில்லை.