கவிழ்த்து வைத்த டம்ளர்

பாத்திரங்கள் காயவில்லை. மஹேஷுக்குத் தெரிந்த குறை அவ்வளவுதான். டிஷ்வாஷரின் கதவைத் திறந்தால் தட்டுகளில் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும், கரண்டிக் குழிகளில் தேங்கி நிற்கும். புது மெஷின். அப்பாவின் காரியத்துக்கு வந்த உறவுக்காரர்களின் எச்சில் பாத்திரங்களோடு மனைவி ஜானவி மல்லுக்கட்டியதைப் பார்த்து அவன் வாங்கிப் போட்டது.

ஜானவிக்குத் தெரிந்த குறை வேறு. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மெஷினின் மேல் அடுக்கில் டம்ளர்களைக் கவிழ்த்துத்தான் வைப்பார்கள். ஒரு நாள் மத்தியானம் அவள் அடுக்கை இழுத்தபோது, அத்தனை டம்ளர்களும் கவிழ்ந்திருக்க, மூலையில் ஒன்று மட்டும் நிமிர்ந்து நின்றது. நிறையத் தண்ணீர். இழுத்த வேகத்தில் தளும்பி வழிந்தது. எடுத்துப் பார்த்தாள். மெல்லிய பழைய எவர்சில்வர். அடியில் 'வெ.கி.' என்று வெட்டியிருந்தது. மாமனார் வெங்கடகிருஷ்ணனின் டம்ளர்.

அதைப் பதின்மூன்றாம் நாள் கழித்துத் துடைத்து அலமாரியின் மேல்தட்டில் பின்னால் தள்ளி வைத்தவள் அவள்தான்.

"நீங்க அப்பா டம்ளர்ல ஏதாவது குடிச்சேளா?" என்று சாயங்காலம் மஹேஷிடம் கேட்டாள்.

"அப்பா டம்ளரா? நான் தொடலையே. ஏன்?"

"ஒண்ணுமில்லை."

மறுபடியும் அதை அலமாரியில் வைத்தாள். மறுநாளே அது மெஷினுக்குள் வந்துவிட்டது. இந்த முறை மெஷினைப் போடுவதற்கு முன்பே பார்த்தாள். கவிழ்ந்துதான் இருந்தது. வெளியே எடுத்துவிடலாம் என்று கை நீட்டி, தொடத் துணிவில்லாமல் கதவைச் சாத்தினாள். ஓடி முடிந்தபின் திறந்தபோது டம்ளர் நிமிர்ந்திருந்தது. நிறைந்திருந்தது.

காலைப் பாத்திரங்களை மேல் அடுக்கில் அடுக்குவது வேலைக்காரி விஜயம். ஆரியசாலையிலிருந்து இந்த ஸ்ரீவராகம் பகுதிக்கு நடந்தே வருகிறவள், இந்த வீட்டில் வெகுகாலமாக இருப்பவள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஜானவி கேட்கவில்லை. கேட்டு, அவளும் இல்லையென்று சொல்லிவிட்டால்?

வெங்கடகிருஷ்ணனுக்குக் கடைசி மாதங்களில் சிறுநீரகமும் இதயமும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு விழுந்தன. காபி, ரசம், மோர், மருந்து முழுங்கும் தண்ணீர் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் உள்ளே போகக்கூடாது என்றார் டாக்டர். அளப்பது ஜானவியின் பொறுப்பாயிற்று. ஒரு பாட்டிலில் கோடு போட்டுக் காலையில் நிரப்புவாள். கோடு கீழே இறங்க இறங்கக் கிழவரின் முகமும் இறங்கும். உதடு வெடித்திருக்கும். "ஜானு, ஒரு வாய் தூத்தம்" என்பார். "இன்னிக்கு முடிஞ்சுடுத்து அப்பா" என்று சொல்லி, பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றுவாள். பஞ்சை அவர் உறிஞ்சப் பார்ப்பார். அதையும் அவள் மெதுவாகப் பிடுங்கிக்கொள்வாள்.

ஆடி மாதத்துக் கர்க்கடக மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு விடிகாலையில் அவர் போனார். கூரையிலும் ஓடையிலும் கோயில் குளத்திலும் தண்ணீர். ஊரெல்லாம் தண்ணீர்.

அதன்பின் பத்து நாள் மஹேஷ் ஈர வஸ்திரத்தைக் கல்லின்மேல் பிழிந்தான். "நன்னாப் பிழியுங்கோ. போனவாளுக்குத் தாகம் ஜாஸ்தி" என்றார் காரியம் செய்துவைத்த வாத்தியார். மற்றவர்கள் காதில் அது மந்திரத்தோடு மந்திரமாகப் போயிற்று. ஜானவி கல்லைப் பார்த்துக்கொண்டே நின்றாள். விழுந்த தண்ணீரைக் கல் குடித்துவிட்டது போலிருந்தது.

இப்போது மெஷின் ஓடும் நேரத்தில் அவளால் அடுக்களையில் நிற்க முடியவில்லை. உள்ளே தண்ணீர் அடிக்கும். திடீரென்று அடங்கும். பிறகு அழுக்குத் தண்ணீர் குழாய் வழியே இறங்கும்போது தொண்டையில் எதுவோ சிக்கினாற்போல் ஒரு களகள சத்தம். அந்தச் சத்தத்தை அவள் முன்பு மாமனாரின் கட்டிலருகே கேட்டிருக்கிறாள். மாடி அறையில் ஆபீஸ் வேலையோடு உட்கார்ந்திருந்தாலும் காது அங்கேதான் இருக்கும். சத்தம் நின்றதும் இறங்கி வந்து, கதவைத் திறந்து, வேறெதையும் பார்க்காமல் முதலில் மேல் அடுக்கைத்தான் இழுப்பாள்.

மஹேஷ் தனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் செய்தான். பாத்திரம் சீக்கிரம் காய்வதற்கான ரின்ஸ் எய்ட் திரவம் வாங்கி ஊற்றினான். சூட்டைக் கூட்டினான். பிளாஸ்டிக் டப்பாக்களைத் தள்ளிவைத்தான். போனில் யாரோ பேசிய வீடியோவைப் பார்த்துச் சல்லடையைக் கழற்றிக் கழுவி மாட்டினான். தட்டுகள் நனைந்தே வந்தன.

"பாலம் கட்டறவாளுக்கெல்லாம் கணக்குப் பாத்துக் குடுக்கறேன். ஒரு தட்டைக் காய வைக்கத் தெரியலை" என்றான். "ஈரமா இருந்தா துணியால தொடச்சாப் போறது. நீ ஏன் இப்படிப் பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?"



கம்பெனி ஆள் வந்த அன்று மஹேஷ் ஆபீஸ் போயிருந்தான். வந்தவன் பெயர் சுனில். தக்கலைப் பக்கத்துப் பையன், பேச்சில் பாதி மலையாளம். விஜயம் ஓர் ஓரமாக உட்கார்ந்து பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பெட்டிக்குக் கறண்டு வேணும், சோப்பு வேணும், இப்போ வைத்தியரும் வேணும்" என்றாள் அவனிடம். "எனக்கு ஒரு சாயை குடிச்சாப் போதும், கேட்டோ."

"நீங்க லீவு எடுப்பீங்களே அக்கா. இது எடுக்காதுல்லா?"

"எடுத்ததுனாலதானே உன்னை விளிச்சது?"

சுனில் சிரித்துக்கொண்டே மெஷினை ஒரு சின்ன ஓட்டம் விட்டான். முடிந்ததும் ஜானவியைத் திறக்கச் சொன்னான். "நீங்க தினமும் எப்படித் திறப்பீங்களோ, அப்படியே திறங்க சேச்சி."

அவள் திறந்தாள். மேல் அடுக்கை இழுத்தாள். மூலையில் அந்த டம்ளர் நிமிர்ந்து நின்று தளும்பியது. கையை எடுத்துக்கொண்டாள்.

"அவ்வளவுதான்" என்றான் சுனில். "மெஷினுக்கு ஒரு குழப்பமும் இல்ல. இந்த டம்ளர்தான் ஆளு." அதை எடுத்துக் கையில் எடை பார்த்தான். "காயிதம் மாதிரி இருக்கு. அடியிலேருந்து தண்ணி பீச்சும்போது இதைத் தூக்கி எறியும். உருண்டு மூலையில நிமிர்ந்து நின்னுக்கும், பின்னே நிறையும். நீங்க மேல் அடுக்கை முதல்ல இழுக்கறப்போ தளும்பி அடியில உள்ள தட்டு மேல எல்லாம் கொட்டுது. கீழ் அடுக்கை முதல்ல எடுத்தா எல்லாம் காஞ்சுதான் இருக்கும்."

"தானாவே நிமிருமா?"

"பின்னே, உள்ளே ஆளா இருக்கு நிமிர்த்தறதுக்கு?"

ஜானவிக்குச் சிரிப்பு வரவில்லை. நிமிர்ந்ததற்குக் காரணம் கிடைத்தது. அலமாரியிலிருந்து இறங்கி வந்ததற்கு?

"இதை இனி உள்ளே வைக்கண்டாம்" என்றான் சுனில் பையை மூடியபடி. "ஆமா, யாரு இதை வைக்கறது?"

விஜயத்தின் கத்தி நின்றது.

"நான்தான்" என்றாள்.

சுனில் கிளம்பிப் போனான். வாசல் கேட் சாத்தும் சத்தம் கேட்டது. ஐப்பசியின் துலா மழைக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

"எதுக்கு விஜயம்?" என்றாள் ஜானவி.

"காலையில வந்ததும் நான் அதுல குடிக்கற வெள்ளம் எடுத்து, பெரிய சாமி படுத்திருந்த முறியில ஜன்னல்ல வைக்கும். பின்னே பாத்திரம் அடுக்கறப்போ செடிக்கு ஊத்திட்டு, டம்ளரைப் பெட்டியில போடும். மாமிகிட்ட கேக்காம செஞ்சது தப்புதான்." அவள் தலையைத் தூக்கவில்லை. "குடுத்துக் குடுத்துப் பழகிப் போச்சு."

"எப்போ குடுத்தே?"

விஜயம் வாயைப் பொத்திக்கொண்டாள். சொல்லியாகிவிட்டது.

"விஜயம். எப்போ குடுத்தே?"

"மாமி மேலே ஆபீஸ் மீட்டிங்ல இருக்கப்போ. மத்தியானம். ஒரு டம்ளர். சில நாள் ரெண்டு." கண் நிறைந்தது. "நாக்கை நீட்டிக் காட்டுவாரு மாமி. மரப்பட்டை போல இருக்கும். எங்க வீட்டு ஆடு அப்படிக் கத்தினாலும் நான் பொறுக்க மாட்டேன். அவரு மனுஷரல்லவா?"

ஜானவிக்கு முதலில் வந்தது கோபம்தான். ஒவ்வொரு துளியாக அளந்தவள் அவள். கால் வீங்கிக்கொண்டே போனபோது, "அளவு தப்பறது, நீங்க கவனமா இல்லை" என்று டாக்டர் கடிந்துகொண்டது அவளை. அழித்து அழித்துப் பாட்டிலில் வேறு கோடு போட்டதும், தன் கண்ணையே நம்பாமல் மறுபடி மறுபடி அளந்ததும் அவள்.

"டாக்டர் என்னைத் திட்டினார் தெரியுமோ? எல்லார் முன்னாலேயும்."

"தெரியும் மாமி. நெஞ்சுல நீர் கட்டிப் போச்சுன்னு அவர் சொன்னப்போ நான் கதவுக்கப்புறம் நிக்கறேன். அன்னிக்கு முதல் எனக்கு உறக்கமில்ல." விஜயத்தின் குரல் உள்ளே இறங்கிவிட்டது. "கோயில்ல போய் நின்னாலும் இதுதான் ஓடுது. நான்தான் அவரைக் கொன்னேனா மாமி?"

ஒருவர் வாழ்வை இன்னொருவரின் ஒரு சொல்லில் வைத்துக் கடவுள் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் நேரங்கள் உண்டு. ஜானவி ஆமாம் என்றிருக்கலாம். ஒன்றும் சொல்லாமல் மாடிக்குப் போயிருந்தாலே போதும். விஜயம் அதைச் சாகும்வரை சுமந்திருப்பாள். ஆனால் கேட்டவளின் முகம், தினமும் மேல் அடுக்கை இழுக்கும்போது தனக்கு எப்படி இருந்திருக்குமோ அப்படி இருந்தது. இந்த வீட்டில் பயந்துகொண்டிருந்தவள் தான் மட்டும் அல்ல.

அவள் விஜயத்தின் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"இல்லை" என்றாள். "நன்னாக் கேட்டுக்கோ. டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டு முன்னமே சொல்லிட்டார். என்ன பண்ணினாலும் இனி நாள் கணக்குதான்னு. அளந்தாலும் அவ்வளவுதான், அளக்காட்டாலும் அவ்வளவுதான். மஹேஷ்கிட்ட பாதிதான் சொன்னேன். முழுக்கச் சொன்னா உடைஞ்சு போயிடுவார்."

"சத்தியமா மாமி?"

"சத்தியமா. எனக்கு அது தெரியும். தெரிஞ்சும் நான் அளந்தேன், விஜயம். பஞ்சைக்கூடப் பிடுங்கினேன். அவர் தாகத்தோட போனார்னு நினைச்சு நினைச்சு..." மெஷினைக் கை காட்டினாள். "தண்ணி கேக்க வரார்னு நினைச்சேன்."

விஜயம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள்.

"தாகமா? போறதுக்கு முந்தின நாளும் குடிச்சாரே மாமி. நான் தலையைத் தாங்கிப் பிடிச்சேன். மடமடன்னு இல்ல, ஒவ்வொரு வாயா, பாயசம் குடிக்கற மாதிரி. பின்னே என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒரு காரியம் சொன்னாரு."

"என்ன?"

"'ஜானுகிட்ட சொல்லாதே. பாவம், அவ எனக்காக மனசைக் கல்லாக்கிண்டு அளந்து குடுக்கறா. நான் ஏமாத்தறேன்னு தெரிஞ்சா அழுவா'ன்னு."

ஜானவி கேட்டுக்கொண்டே இருந்தாள், விஜயம் சொல்லி முடித்த பிறகும். பிறகு முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பத்து நாளும் எல்லோரும் அழுதபோது அழாத அழுகை அது. இன்றைக்குத்தான் வழி கிடைத்தது.

விஜயம் அவளைத் தொடவில்லை. தேற்றவும் இல்லை. எழுந்துபோய் மெஷினின் கீழ் அடுக்கை மெல்ல வெளியே இழுத்தாள். நனைந்திருந்த தட்டுகளைச் சத்தம் வராமல் ஒவ்வொன்றாக எடுத்துத் தன் முந்தானையால் துடைக்க ஆரம்பித்தாள்.