இருபது கிளிப்புகள்

"பச்சப் புள்ளைய ஏவி விட்டு என்னைத் தோக்கடிச்சியே, வெக்கமா இல்ல உனக்கு?"

"அக்கா, பாத்துப் பேசுங்க. துணி கிளிப்பத் திருடித்தான் ஜெயிக்கணும்னு எனக்கென்ன தலையெழுத்து?"

"நீ திருடினேன்னா சொன்னேன்? திரும்ப மாட்ட வச்சேன்னு சொல்றேன்!"

காலை ஏழு மணிக்கு, துணி உலர்த்தும் முற்றத்தில், இரண்டு ஓரகத்திகள் இப்படி நின்றுகொண்டிருந்தால் எதிர்வீட்டு ஜன்னல்கள் மூடியிருக்குமா? பல் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட துப்பாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கீழ்வீட்டு மூத்தவள் பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுப்பவள். ஊசி குத்தினால் வலிக்காது என்று பெயர். நாக்கைப் பற்றி அப்படி யாரும் சொன்னதில்லை. இரண்டு குழந்தைகள்: இரண்டாம் வகுப்புப் படிக்கும் பையன், நாலு வயது வாண்டு. மாடிவீட்டு இளையவள் வீட்டிலிருந்தே மடிக்கணினியில் வேலை பார்ப்பவள். ஒன்பது மாதக் கைக்குழந்தை. பிரசவம் முடிந்த ஆறாவது மாதமே காலில் ஷூ, கையில் ஓட்டத்தை அளக்கும் கடிகாரம்.

அந்தக் கடிகாரம்தான் மூத்தவளின் வயிற்றில் முதலில் தீயை வைத்தது.

ஏனென்றால் ஓட ஆரம்பித்தது அவள். வாண்டு பிறந்து இரண்டு வருடம் ஆனபின் ஒருநாள் பேருந்தைப் பிடிக்க ஓடி, பிடிக்க முடியாமல், அடுத்த நாளிலிருந்து வீம்புக்கு ஓட ஆரம்பித்தவள். முப்பத்தைந்து வயது முடிவதற்குள் பத்து கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குள் ஓடிவிட வேண்டும் என்று சமையலறை நாட்காட்டியின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தாள். பிறந்தநாளுக்கு இன்னும் மூன்று வாரம். அதற்குமுன் ஊரில் நடக்கும் ஒரே போட்டி வருகிற ஞாயிற்றுக்கிழமை.

இளையவளும் அதே போட்டிக்குப் பெயர் கொடுத்தாள். ஞாயிறு காலை மூன்று குழந்தைகளையும் ஒரே ஆளாகப் பார்த்துக்கொள்ள மாமியாரின் முழங்கால் ஒத்துழைக்காது. மூத்தவளின் கணவன் பேருந்து ஓட்டுநர், ஞாயிறு முதல் வண்டி அவனுடையது. இளையவளின் கணவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன், ஞாயிறு தூக்கம் அவனுடையது. இதில் எதையாவது மாற்றலாமே என்று அந்த வீட்டில் ஒரு உயிருக்கும் தோன்றவில்லை.

"ஒருத்தி போங்க, ஒருத்தி புள்ளைங்களப் பாருங்க. யாரு வேகமோ அவ போகட்டும்," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார் மாமியார்.

தெருவை ஒருமுறை சுற்றிவந்தால் அரை கிலோமீட்டர். இருபது சுற்று. இளையவள் கடிகாரத்தோடு ஓடி ஐம்பத்தெட்டு நிமிடத்தில் முடித்தாள். மூத்தவளிடம் கடிகாரம் இல்லை, இரவல் கேட்க வாயும் வரவில்லை. அவளுக்கு அவள் வழி: வாசல் கேட்டில் இருபது துணி கிளிப்புகளை மாட்டிவைப்பாள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றைக் கழற்றிப் படியிலிருக்கும் வாளியில் போடுவாள். கேட் காலியானால் ஓட்டம் முடிந்தது. மாமியார் அடுப்பு மேலிருந்த கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார்: அறுபத்தொன்பது நிமிடம்.

பதினோரு நிமிட வித்தியாசம்! ஒரு வாரம் அந்த வீட்டில் பாத்திரங்கள்தான் பேசின.

சண்டை வந்த அன்று காலை பயிற்சியில் முனை திரும்பும்போது மூத்தவள் கண்ணால் பார்த்துவிட்டாள். வாண்டு வாளியிலிருந்து ஒரு கிளிப்பை எடுத்துப் பதவிசாகக் கேட்டில் மாட்டிக்கொண்டிருந்தது.

"யாருடி சொல்லிக்குடுத்தா இத?"

"சித்தி!"

அவ்வளவுதான், முற்றம் ரெண்டுபட்டது.

"கிளிப்ப எப்படி அமுக்கணும்னு சொல்லிக்குடுத்தேன்கா, விரல நசுக்கிக்குதேன்னு! இவ இப்படிப் பண்ணுவான்னு நான் கனவா கண்டேன்?" என்று இளையவள் கத்த, மாமியார் வாண்டைப் பிடித்து இழுத்து நடுவில் நிறுத்தினார்.

"ஏன்டி தங்கம் திரும்ப மாட்டுன?"

"அம்மா சுத்தி வரும்போதெல்லாம் என்னப் பாத்து சிரிக்கிறாங்க," என்றது வாண்டு. "முடிஞ்சிட்டா சிரிக்க மாட்டாங்க. தல வார வா, குளிக்க வான்னு கத்துவாங்க."

எதிர்வீட்டு ஜன்னலில் யாரோ உச்சுக்கொட்டியது தெளிவாகக் கேட்டது. மூத்தவளின் முகம் சுண்டிப்போனது ஒரு கணம்தான்.

"அன்னிக்கு எத்தன தடவ மாட்டுன?"

வாண்டு நாலு விரலைக் காட்டியது.

"இருபத்திநாலு சுத்து ஓடியிருக்கேன்! அப்ப இருபதுக்குக் கணக்குப் போடுங்க அத்தை, அம்பத்தேழரை! நான்தான் வேகம்!"

"அவளுக்கு வயசு நாலு. எதைக் கேட்டாலும் நாலுன்னுதான் சொல்லுவா. நேத்து எத்தன தோசைன்னு கேட்டேன், நாலுன்னா. தின்னது ஒண்ணு," என்றாள் இளையவள்.

மறுபடி ஓடுவது என்று முடிவானது. புதன்கிழமை காலை ஆறு மணி. மாமியார் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து கிளிப்புகளைத் தம் மடியிலேயே வைத்துக்கொண்டார்: மூத்தவளுக்குச் சிவப்பு, இளையவளுக்கு நீலம். வாண்டு படியில், கைகளைக் கட்டிக்கொண்டு. கைக்குழந்தை தள்ளுவண்டியில். இவ்வளவு பேர் அவ்வளவு சீக்கிரம் எழுந்து அந்தத் தெரு பார்த்ததில்லை.

முதல் ஐந்து சுற்று ஒட்டியே ஓடினார்கள். அப்புறம் இளையவள் மெல்ல விலகினாள். பதின்மூன்றாவது சுற்றில் அவளுடைய முதுகு பாதித் தெரு முன்னால் போய்க்கொண்டிருந்தது. அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க மூத்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவளும்தானே பெற்றாள்? இந்த இடுப்பு எப்படி இப்படி இருக்கிறது? இந்த மூச்சு எங்கிருந்து வருகிறது?

அப்போதுதான் தள்ளுவண்டியில் குழந்தை வீரிட்டது. மாமியார் காலால் வண்டியை ஆட்டினார். அடங்கவில்லை. இளையவள் இன்னும் பத்தடி ஓடினாள், நின்றாள், கடிகாரத்தைப் பார்த்தாள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு பால் கொடுக்கப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

மூத்தவள் அவளைத் தாண்டி ஓடினாள். நிற்கலாம் என்று கால் சொன்னது. 'புள்ளைங்களுக்காக நான் எத்தன வருஷம் நின்னேன், எனக்காக எவ நின்னா?' என்றது மனசு. மனசு சொன்னபடியே கால் கேட்டது. ஐம்பத்தொன்பது நிமிடம் இருபது விநாடி.

"நீயே போ," என்றார் மாமியார்.

இளையவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடியேறிவிட்டாள். அதுதான் மூத்தவளுக்கு ஆறவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தூக்கமாவது வந்திருக்கும். குழந்தை அழாமல் இருந்திருந்தால் யார் ஜெயித்திருப்பார்கள்? தெருவில் யாரைக் கேட்டாலும் பதில் சொல்வார்கள். அதனால் அவள் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் ஐம்பத்தெட்டு நிமிடம் நாற்பத்தொரு விநாடி. ஓடி முடித்தவர்களுக்குத் தந்த பதக்கம் கழுத்தில் ஆட, அதைச் சட்டைக்குள் போடலாமா வெளியே விடலாமா என்று தெருமுனையில் நின்று யோசித்து, வெளியே விட்டபடியே வந்தாள்.

முற்றத்தில் வாண்டு தலைமுடி முழுக்கத் துணி கிளிப்புகளோடு சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. மடியில் கைக்குழந்தையோடு இளையவள் உட்கார்ந்து, வாண்டு தன்னைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுச் சிரித்தாள். பையன் சுற்றை எண்ணிக்கொண்டிருந்தான். தலை வாரவில்லை, யாரும் குளிக்கவில்லை, ஒருவரும் கத்தவும் இல்லை.

"பாருடி, அம்மா ஜெயிச்சுட்டேன்!"

வாண்டு பதக்கத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்தது. "சரி. இன்னொரு தடவ போயிட்டு வாங்கம்மா. நாங்க விளையாடிட்டிருக்கோம்."

மூத்தவள் உள்ளே போய், நாட்காட்டியின் பின்பக்கம் எழுதியதை அடித்தாள். அடித்த பேனா தாளைக் கிழித்துவிட்டது.

அந்த வருடக் கடைசியில் லிஃப்ட்காரனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. இளையவள் கடிகாரம், தள்ளுவண்டி, ஷூ எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு கிளம்பினாள். கூடவே மாமியாரும் போய்விட்டார். படியே ஏறாது என்ற முழங்கால் அங்கே மூன்றாவது மாடி ஏறுகிறதாம். மாடிவீட்டுக்கு ஒரு தையல்காரர் குடிவந்திருக்கிறார், ஓடுகிற ஆள் இல்லை. பேருந்து ஓட்டுநர் ஞாயிறு முதல் வண்டியை ஒரு புது ஆளிடம் மாற்றிக்கொண்டான். ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதுமாம், இத்தனை வருடம் யாரும் எழுதவில்லை. இப்போது பிளாஸ்டிக் நாற்காலியில் கிளிப்போடு உட்காருவது அவன்தான்.

மாமியார் ஞாயிறுதோறும் தொலைபேசியில் கூப்பிடுவார். பேரன் நடக்கிறான் என்பார், கடைசியில் மறக்காமல் சேர்ப்பார்: "சின்னவ இன்னிக்கு அம்பத்தஞ்சுல முடிச்சா."

"நல்லா இருக்கட்டும் அத்தை," என்று சொல்லிவிட்டு மூத்தவள் ஷூவை மாட்டிக்கொள்வாள். அன்றைக்குக் கேட்டைத் தாண்டும்போது வாண்டைப் பார்த்துச் சிரிக்கக்கூட மறந்துவிடுவாள் என்று எதிர்வீட்டில் சொல்கிறார்கள்.