அறுபத்திரண்டு பேரில் கௌசர்

கல்லூரி இணையதளத்துக்கான படிவத்தில் 'ஆய்வு ஆர்வம்' என்ற கட்டத்துக்குள், 'பதிவேட்டில் பெயரில்லாத தொழிலாளர்களின் சட்ட உரிமை' என்று உதவிப் பேராசிரியை ஜஹீதா தட்டிக்கொண்டிருந்தபோதுதான் மஹபூப் பாஷா அறை வாசலில் வந்து நின்றார். ஆம்பூரிலிருந்து பஸ் பிடித்து வேலூர் வந்திருக்கிறார். கையில் ஒரு பெண்ணின் போட்டோ.

"கௌசர், என் வீட்டுக்காரி. நாலு வருசம் முன்னாடி எங்க தெருவுக்கு வந்து அவகிட்ட பேசினீங்க மேடம். போன்ல பதிவு பண்ணீங்க."

வீட்டிலிருந்தே ஷூவுக்கு அப்பர், அதாவது மேல்தோல், தைத்துக் கொடுத்தவள் கௌசர். ஒட்டுகிற சொல்யூஷன் டின் தீப்பிடித்ததில் போய்ச் சேர்ந்துவிட்டாள். கம்பெனியோ, அப்படி ஒருத்தியையே தெரியாது என்று கை கழுவிவிட்டது. சரக்கு கொண்டுவரும் ஏஜென்ட் பெயரில்தான் எல்லா ரசீதும். தைக்கிற பெண்களுக்கு ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. திங்கட்கிழமை நஷ்டஈட்டு வழக்கு விசாரணை. அவள் அங்கே வேலை செய்தாள் என்று காட்டாவிட்டால் வழக்கு அவ்வளவுதான்.

"அவ வாயாலயே கம்பெனி பேரு சொல்லிருக்கா. அதைக் குடுத்தீங்கன்னா போதும்."

ஜஹீதா படிவத்திலிருந்து கையை எடுத்தாள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வாள்? ஆய்வு முடிந்ததும் பதிவை அழித்துவிடுவேன் என்று அறுபத்திரண்டு பெண்களுக்கும் எழுதிக் கொடுத்தவள் அவள். முனைவர் பட்டம் வாங்கிய மறுவாரமே ஒன்று விடாமல் அழித்தாள், பெயர்ப் பட்டியலையும் கிழித்துப் போட்டாள். பெயர் வெளியே போனால் ஏஜென்ட் வேலையை நிறுத்திவிடுவானே என்று நல்ல எண்ணத்தில்தான் செய்தாள். பாழாய்ப்போன நல்ல எண்ணம்!

"அழிச்சிட்டேன் பாய். நானே சாட்சிக்கு வர்றேன்."

"அப்ப இவ முகம் ஞாபகம் இருக்குல்ல?"

போட்டோவைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அறுபத்திரண்டு வீடு, அறுபத்திரண்டு டீ. பொய் சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. குறுக்கு விசாரணையில் இரண்டாவது கேள்விக்கே மாட்டிக்கொள்வாள். இல்லை என்று தலையாட்டினாள்.

மஹபூப் பாஷா அலமாரியில் இருந்த தடித்த ஆய்வேட்டைக் காட்டினார். "அதுல அவ பேசுனது இருக்கும்ல? ஒவ்வொண்ணா படிங்க. என் பொண்டாட்டி பேச்சு எனக்குத் தெரியாதா இன்னா?"

ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைத் தமிழாக்கிப் படித்தாள். பெயர் இல்லை, ஒருத்திக்கு ஓர் எண் மட்டும்தான். ஒவ்வொன்றுக்கும் அவர் கண்ணை மூடிக்கொண்டு "இல்ல, இல்ல" என்றார். பதினேழாம் நபர்: 'பொழுது சாய்ந்தால் கண் தெரியாது. விரலால் தடவித் தடவித் தைப்பேன்.'

"நிறுத்துங்க!" எழுந்தேவிட்டார். "இவதான் மேடம். சத்தியமா இவதான்."

ஜஹீதாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது; இந்தப் பேச்சை வைத்துச் சாட்சி சொல்லிவிடலாம். பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டாள். சட்டம் படித்த புத்தி சும்மா இருக்குமா, மீதியையும் பார்த்துவிடு என்றது. இருபத்து மூன்றாம் நபர்: 'சொல்யூஷன் வாசனையில் சோறு இறங்காது. பிள்ளைக்கு ஊட்டக் கையை மூன்று முறை கழுவுவேன்.'

அவர் முகம் சுருங்கியது. "இதுவும் அவதான்," என்றார் மெதுவாக.

முப்பதாம் நபரைப் படித்தாள். அவர் ஆமாம் ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். கண்ணீர் தாடியில் இறங்கியது.

ஜஹீதா பக்கத்தைத் திருப்பினாள். மின்விசிறிக் காற்றில் கௌசரின் போட்டோ பறந்துவிடாமல் அவர் ஒரு விரலால் அழுத்திப் பிடித்திருந்தார்.