பச்சை விளக்கடியில் ஒரு பொய்

பக்கவாதம் வந்ததிலிருந்து என் கணவர் ராய்ஸ் தூண்டிலைத் தொடவில்லை. இருட்டியதும் எங்கள் வீட்டுப் படகுத்துறையில் நாற்காலியைப் போட்டு உட்காருவார். துறையில் தண்ணீரைப் பார்த்துக் கட்டியிருக்கும் பச்சை விளக்கு வெளிச்சத்தில் பொடிமீன் கூடும். அதைத் தின்ன ட்ரவுட் மீன் வரும். தண்ணீரில் லபக், லபக் என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், மனுஷன் அசையமாட்டார்.

வலது கை சொன்ன பேச்சைக் கேட்காது, சரி. இடது கை என்ன பாவம் செய்தது? கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். போன வாரம், "சனிக்கிழமை மருமகன் வர்றப்ப தூண்டில் எல்லாத்தையும் அள்ளிட்டுப் போகச் சொல்லு" என்றார். என்னோடு சண்டை போடக்கூட இப்போதெல்லாம் அவருக்கு மனசில்லை. தூண்டிலும் போய்விட்டால் அப்புறம் என்ன இருக்கிறது இந்த மனுஷனுக்கு?

நேற்று லேனியின் படகு வந்து நின்றது. வெளியூர்க்காரர்களை மீன் பிடிக்கக் கூட்டிப்போவது அவன் தொழில். கூட ஹூஸ்டன்காரர் ஒருவர், விலைச்சீட்டுகூடக் கிழிக்காத தொப்பியோடு. எங்கள் கால்வாயில் வீட்டுக்கு வீடு இப்படி விளக்கு உண்டு, வழக்கமும் ஒன்று உண்டு. வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டிருந்தால் அந்த விளக்கை விட்டுவிட்டு அடுத்த விளக்குக்குப் போய்விட வேண்டும்.

"மிஸ்டர் ராய்ஸ், பிடிக்கிறீங்களா? இல்லைன்னா நாங்க ரெண்டு வீசிக்கட்டுமா?"

ராய்ஸ் 'வீசிக்கோ' என்று கையைத் தூக்கப் போனார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்த ஆத்திரம்.

"பிடிக்கிறார். கண்ணு தெரியலையா உனக்கு?"

"தூண்டிலைக் காணோமே, மிஸ் வெர்னா."

"உள்ள இருக்கு. இதோ எடுத்துட்டு வரேன்."

கொண்டுவந்து மடியில் வைத்தேன். "ஏன் வெர்னா மானத்தை வாங்குற?" என்று பல்லைக் கடித்தார் ராய்ஸ்.

"மானம் போகக்கூடாதுன்னா எழுந்து வீசுங்க."

லேனி படகை நகர்த்தினான். போய்த் தொலைவான் என்று பார்த்தால், தொப்பிக்காரர் வேடிக்கை பார்க்க ஆசைப்பட்டாராம், கொஞ்சம் தள்ளி இருட்டில் நின்றுகொண்டார்கள்.

ராய்ஸ் எழுந்தார். தூண்டில் இடது கையில். நூலைப் பிடித்து இழுக்க வலது கை உதவவில்லை, அதனால் பல்லில் கடித்துக்கொண்டார். பெரிய ட்ரவுட் வெளிச்சத்துக்குள் வராது, ஓரத்து நிழலில்தான் நிற்கும். இறகு கட்டிய கொக்கி அங்கே மெத்தென்று விழவேண்டும். அந்த வித்தையில் இவரை மிஞ்ச இந்தக் கரையில் ஆள் கிடையாது.

நூல் சுருண்டு, நட்ட நடு வெளிச்சத்தில் சொத்தென்று விழுந்தது. ஒரு மீன் மிச்சமில்லை. பொடிமீன்கூடக் கலைந்து ஓடிவிட்டது.

பாவி, நானே அல்லவா அவரை நாலு பேர் முன்னால் நிறுத்தினேன்! சனிக்கிழமை வரை காத்திருக்க மாட்டார், தூண்டிலை இப்போதே முறித்துத் தண்ணீரில் போடுவார் என்று நினைத்தேன்.

"பரவாயில்லை, மிஸ்டர் ராய்ஸ்" என்றான் லேனி, நோயாளியிடம் பேசுகிற குரலில். "நாளைக்கு நாங்களே வந்து இங்க பிடிச்சுக்கறோம்."

ராய்ஸ் நூலைத் துப்பினார்.

"நாளைக்கு வேற விளக்கைப் பாரு, லேனி. இங்க நான் பிடிப்பேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கவனிக்கவில்லை. நூலை மறுபடி பல்லில் கடித்துக்கொண்டிருந்தார்.